மணிமாறன் அட்டெண்டர்

பிழைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பையன் எப்படியாவது பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே தமயந்தி மதுரைப் பெரியாஸ்பத்திரியின் படிகளில் ஏறினாள். படிக்கு ஒரு தடவை என்று வேண்டுதல் போலச் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு, மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, இதை யாருக்காகச் சொல்கிறோம் என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பையனின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. மணிமாறன் என்ற பேரே எஃப்.ஐ.ஆர். நகலை வக்கீல் வாசித்தபோதுதான் காதில் விழுந்தது. "பையன் பிழைச்சிட்டா கொலை முயற்சியோட நிக்கும்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா செக்சனை மாத்திருவான். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது இவள் வாய். அருப்புக்கோட்டையில் கேஸ் ஏஜென்சி கவுண்டரில் உட்கார்ந்து சிலிண்டர் புக்கிங் எழுதும்போதும், அரிசி களையும்போதும், கொடியில் துணி போடும்போதும் அதே ஜபம்தான், பிழைச்சிக்கிடட்டும், பிழைச்சிக்கிடட்டும். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இளகின மனசு என்றுதான் தோன்றும். ஆனால் அடித்தவன் தன் மகனாக இல்லாமல், வேறு எவனோ வேறு எவனையோ அடித்திருந்தால் என்ன செய்திருப்பாள்? பேப்பரில் ஓரமாகப் படித்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று மடித்துப் போட்டிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் ஜபம் நின்றது. மிச்சப் படிகளை ஒன்றும் சொல்லாமல் ஏறினாள்.

வந்திருக்கவே கூடாது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். சாட்சியைக் கலைக்க வந்தார்கள் என்று அவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம், ஜாமீன் நாறிப்போகுமாம். புருஷன் பாலுச்சாமி தலையாட்டினார். இவளும் கூடவே ஆட்டினாள். காலையில், மீனாட்சி கோயிலுக்குப் போய் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள வந்துரு, வக்கீலாபீசுல கையெழுத்துப் போடணும்" என்றார், அவ்வளவுதான். கையெழுத்து. அதைத்தான் இத்தனை தூரமும் பஸ்ஸில் உருட்டிக்கொண்டு வந்தாள். வக்கீல் எழுதிக் கொடுத்திருந்த புகாரை நேற்று பாலுச்சாமி வாசித்துக் காட்டியிருந்தார். சண்டைக்கு முந்தின வாரம் மேற்படி மணிமாறன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இவள் வீட்டுக்கு வந்தானாம், மகன் சபரி வீட்டில் இல்லையாம், இவளைக் கேட்கக்கூசும் வார்த்தைகளால் திட்டினானாம், அரிவாளைக் காட்டி உன் மகனை உயிரோடு விடமாட்டேன் என்று மிரட்டினானாம். யாரும் வரவில்லை. அந்த வாரம் பூரா வீட்டு வாசலில் வந்து நின்றது சீட்டுக்காரியும் ஒரு மாடும்தான். "நம்மளும் ஒரு புகார் குடுத்து வச்சாத்தான் பேசவே முடியும். பெத்த தாயி குடுத்தா கோர்ட்டு காது குடுத்துக் கேக்கும்" என்று வக்கீல் சொன்னாராம். பொய் என்பதுகூட அவளுக்குப் பெரிசாய்ப் படவில்லை, பிள்ளைக்காக எந்தத் தாய் பொய் சொல்லவில்லை? வேறொன்றுதான் பயமாக இருந்தது. அதை வாசித்துக் கேட்டதிலிருந்து அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான். துவைகல் பக்கத்தில் அரிவாளோடு நிற்கிறான். முகம் இல்லை, அரிவாள் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கொல்லைக் கதவைத் திறக்குமுன் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறாள். அடப்பாவி, என் வீட்டுக்கே வந்தாயே என்று கோபம்கூட வருகிறது. வராதவன்மேல் வரும் கோபம். இன்னும் நாலு நாள் போனால் அவன் வந்தது நிஜம் என்று தானே சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிடுவோமோ? அதற்குள் அந்த முகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம். இல்லாவிட்டால் போடாமல் இருந்துவிடலாம். எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தலைக்காயத்துக்கான வார்டு வாசலில் கண்ணாடிக் கதவு, கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு செக்யூரிட்டி. நீளமான வராந்தாவில் சுவரோரமாகப் பழைய சேலைகளையும் பாயையும் விரித்து ஜனங்கள் குடியிருந்தார்கள். தூக்குவாளி, பிளாஸ்க், சீப்பு, காயப்போட்ட துண்டு. பினாயில் வாடையும் சாம்பார் வாடையும் ஒன்றாய்க் கலந்து அடித்தது. எங்கே நிற்பது, யாரைக் கேட்பது, கேட்டால் நீ யார் என்று கேட்பார்களே. சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே உட்கார்ந்திருந்த ஒரு ஒல்லியான பெண்பிள்ளை வயர்கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரித்திருந்த சேலையில் பாதியைக் காட்டினாள். "உக்காருங்கக்கா, எம்புட்டு நேரந்தான் நிப்பீக." தமயந்தி உட்கார்ந்தாள். தலையில் எண்ணெய் காணாத முடி, கழுத்தில் மஞ்சக்கயிறு மட்டும், விரல் நுனிகளில் ஒரு கருஞ்சிவப்புக் கறை. தீப்பெட்டி ஆபீஸ் வேலை செய்கிற கை என்று பார்த்ததுமே தெரிந்தது, அந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. "யாருக்கா உள்ள?" என்று அவள் கேட்டாள். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, "எம்பையன்." சொன்ன பிறகுதான் அது பொய் இல்லை என்று பட்டது. அவனும் உள்ளேதான் இருக்கிறான், ஜெயிலுக்குள். "எம்பையனும் உள்ளதான் கெடக்கான்" என்றாள் அவள். "ஒங்க பையன் வண்டியில விழுந்தானா?" தமயந்தி தலையை ஆட்டினாள், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். "இங்க கெடக்குற பிள்ளைக முக்காவாசியும் வண்டிதான்க்கா. எங்களதுதான் அடிதடி. பாலிடெக்னிக்குல கூடப் படிக்கிறவன், தலைக்குப் போடுற தொப்பியாலயே அடிச்சிட்டான்." தமயந்திக்கு வராந்தா ஒருதரம் சாய்ந்து நிமிர்ந்தது.

எழுந்து போய்விட வேண்டும். இப்போதே. சேலையை ஒதுக்கினாள், கையை ஊன்றினாள், எழ முடியவில்லை. அந்த ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்துப் போட்டார். லேசாக இருக்கிறதே என்று ஒன்றை ஒதுக்கிவிட்டு, நல்ல கனமாகப் பார்த்து, தட்டிப் பார்த்து எடுத்தாள். ஒருநாளாவது அவன் தலையில் போட்டதுண்டா? முழங்கையில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுப்பான். தெரு முக்கு திரும்பும்வரை கத்துவாள், தலைடா தலைடா என்று. எஃப்.ஐ.ஆரில் அது ஆயுதம். எதற்கு? வகுப்பில் சபரி வாயைப் பிளந்து தூங்கியதை இந்தப் பையன் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான், எவளோ ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு. அவ்வளவுக்குத்தான். பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் பார்க்க, முழங்கையிலிருந்து கழற்றி ஒரே வீச்சு. ஒரு வீச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தும்முகிற நேரம்கூட இல்லை. அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் என் பிள்ளை. அதற்குப் பிந்தின நிமிஷமும் என் பிள்ளைதானே? நடுவில் இருந்தவன் யார்? அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அவன் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமாக முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்துவிட்டாள். ஒண்ணாப்புப் படிக்கையில் சித்தப்பா மகளைக் கடித்து வைத்தான், எந்தப் பிள்ளை கடிக்காது? பத்தாவதில் கோபத்தில் அலமாரிக் கதவை அறைந்து கண்ணாடியை உடைத்தான், அன்று ராத்திரியே துடைப்பத்தை எடுத்து அவனேதான் கூட்டினான். கோழி அறுத்தால் அடுப்படிப் பக்கமே வரமாட்டான். எதிர்வீட்டுக் கைக்குழந்தை இவன் இடுப்பில்தான் வளர்ந்தது. கல் இல்லை. அதுதான் அவளுக்குப் பயம். ஒரே ஒரு கல் கையில் அகப்பட்டிருந்தால், இந்தா, இதுதான், இதை நான் அப்பவே எடுத்து எறிந்திருக்க வேண்டும் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு ஓய்ந்திருப்பாள். ஒன்றும் இல்லாத அரிசியாக இருக்கிறது. அப்படியென்றால் அது எங்கே இருந்தது? எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்குமோ, என்னிடமும் இருக்குமோ?

ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கப் போன அன்று சபரி கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இந்தப் பக்கம் இத்தனை தாய்கள், அந்தப் பக்கம் இத்தனை பிள்ளைகள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த, சந்தை மாதிரி இருந்தது. "அம்மா, பைக்கைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கத்தினான். "இங்க பல்பொடிதாம்மா தர்றாங்க, பேஸ்ட் வேணும்" என்றான். கழுத்தெலும்பு தெரிந்தது. இவள் காத்திருந்தாள். அவன் எப்படிம்மா இருக்கான் என்று கேட்பான், இப்போது கேட்பான், வார்டர் தோளைத் தட்டுவதற்குள் கேட்டுவிடுவான். அவன் கேட்கவில்லை. திரும்பிப் போகையில் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். வரும் வழியெல்லாம் இவள் அதற்குக் காரணம் தைத்துக்கொண்டே வந்தாள். சுற்றிலும் ஆள், அதனால் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து கேட்கவில்லை. நினைத்து நினைத்து மாய்ந்து, வாய்க்கு வராமல் போயிற்று. ஒட்டுப்போட ஒட்டுப்போட அடுத்த ஸ்டாப்பில் தையல் விட்டுப்போகும். பாலுச்சாமியிடம் சொன்னபோது, "அதையா கேட்டுக்கிட்டிருப்பான், அவன் நெலமை அப்படி" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மில்லில் லீவு போட்டுவிட்டு, வக்கீல் வீட்டுக்கும் கவுன்சிலர் வீட்டுக்கும் செருப்புத் தேய நடக்கிறார். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார், தண்ணீர்ச் சத்தத்தில் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. தகப்பன் என்றால் வெளியில் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். எடுத்த பிறகு? எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் எங்கே உட்காரவைப்பது, எதைப் பேசுவது, சாப்பாடு போட்டுக்கொண்டே என்ன பேசுவது?

"யாரு அடிச்சான்னு தெரியுமா?" என்று கேட்டது தன் குரல்தான் என்று தமயந்தியால் நம்பமுடியவில்லை. அந்தப் பெண்பிள்ளை, வேலுத்தாய் என்று பேர் சொல்லியிருந்தாள், சாத்தூர்ப் பக்கம் ஊர், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடியே சொன்னாள். "சபரின்னு பேராம். இதுல கூத்து என்னன்னா, அவன் எங்க வீட்டுக்கு வந்திருக்கான்க்கா. ரெண்டு பேரும் சேக்காளிகதான் போல. நா வேலைக்குப் போயிருந்தேன், பாக்கல. எந் தங்கச்சிதான் இருந்திருக்கா. கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்தாளாம், ரெண்டு தட்டம் சோறு வாங்கித் தின்னுட்டு, நல்லாருக்கு சித்தின்னு சொல்லிட்டுப் போனானாம். அவ இப்ப அதையே சொல்லிச் சொல்லி அழுகுறா. எங்கையால சோறு போட்டேனே, எங்கையால சோறு போட்டேனேன்னு." தமயந்தி தரையைப் பார்த்தாள். கருவாடா? வீட்டில் கருவாடு வறுத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவன். அவன் எப்போது போனான், எந்த ஞாயிற்றுக்கிழமை, நூலகத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றா? தட்டை ஏந்தி இரண்டாந்தரம் சோறு கேட்கிற அந்தப் பிள்ளையை இவள் பார்த்ததே இல்லை. தன் வீட்டுத் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒருத்தனை அரிவாளோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் போனவன் இவள் மகன்தான், போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். "அவுக அப்பனாத்தா யாரும் எட்டிப் பாக்கலயா?" என்று பக்கத்துப் பாயில் இருந்த கிழவர் கேட்டார். "யாரும் வரல" என்றாள் வேலுத்தாய். "வந்தா நா என்ன கடிச்சா வச்சிரப்போறேன்? ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். சொல்லத் தெம்பில்ல. ஆனா வரணுமில்ல பெரியய்யா? ஒரு நாய் அடிபட்டாக்கூட வண்டிய நிப்பாட்டித் திரும்பிப் பாக்குறாகளே."

பிறகு வேலுத்தாய் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். தங்கச்சி புருஷன் ரத்தம் கொடுக்க வந்து கீழே வழி தெரியாமல் நிற்கிறானாம், போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாளாம். "யக்கா, இந்தக் கூடையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. தொணைக்கு இருக்குறவுகள அட்டெண்டருன்னுதான் கூப்பிடுவாக. மணிமாறன் அட்டெண்டருன்னு சிஸ்டர் கூப்பிட்டாகன்னா, இந்தா வந்துர்றாகன்னு ஒரு சத்தம் மட்டும் குடுத்துருங்க. இல்லாட்டி வையிவாக." கூடையை இவள் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். கூடைக்குள் ஒரு சட்டை மடித்து இருந்தது, ஒரு சீப்பும் சோப்பு டப்பாவும் இருந்தன. தமயந்தி அதைத் தொடாமல் கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுதான் நேரம், போய்விடலாம். கூடையைக் கிழவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினால் பஸ்ஸைப் பிடித்துச் சாயங்காலத்துக்குள் வக்கீலாபீஸ். யாருக்கும் தெரியாது. முகத்தைத்தான் பார்க்கவில்லை, பார்க்காவிட்டால் என்ன, தாயைப் பார்த்தாயிற்று. தாயைப் பார்த்திருக்கவே கூடாது. வந்தால் கடித்தா வைத்துவிடப்போகிறேன் என்கிறாள். கடித்தால்கூட நன்றாயிருக்கும். யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் பாதிச் சேலையைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாளே, இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தபோது சுருங்கின உடம்பு இன்னும் விரியவில்லை, இந்தச் சேலையில்தான் கொஞ்சம் விரிந்து உட்கார்ந்தது. நினைத்துக்கொண்டிருக்கையிலேயே கதவு திறந்தது. "மணிமாறன் அட்டெண்டர்! மணிமாறன் அட்டெண்டர் யாரு?" வராந்தாவில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. இந்தா வந்துர்றாக, என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. "இந்தா" என்ற வரைக்கும்தான் வந்தது. "எங்கம்மா போயிர்றீங்க? வாங்க, சீக்கிரம். செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று சிஸ்டர் உள்ளே திரும்பிவிட்டாள். நானில்லை என்று சொல்ல வேண்டும், நானில்லை, நானில்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே தமயந்தி கூடையைக் கிழவர் பக்கம் நகர்த்திவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, அந்தக் குளிரான அறைக்குள் நடந்து போனாள்.

வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் கிர்ர் கிர்ர் என்று மிஷின் சத்தம். சிஸ்டர் நின்ற இடத்தில் இவளும் நின்றாள். மொட்டைத் தலையில் கட்டு, மூக்கில் குழாய். ஒரு பக்கக் கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. மற்றப் பக்கம் அப்படியே, கீறல் இல்லாமல், ஒரு பிள்ளை முகம். மேலுதட்டில் அப்போதுதான் அரும்பின மீசை. எதிர்பார்த்து வந்தவன் இவனில்லை. துவைகல் பக்கத்தில் நின்றவனின் முகத்துக்கு இதை ஒட்டவைக்கப் பார்த்தாள், ஒட்டவில்லை, நழுவி நழுவி விழுந்தது. "காலையிலருந்து கண்ணைத் தொறக்கப் பாக்குறான்மா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. தெரிஞ்ச குரல்னா முழிப்பான்" என்றாள் சிஸ்டர். தெரிந்த குரல். "மணி" என்றாள் தமயந்தி. "சத்தமா, சத்தமா." "மணிமாறா." தன் குரல் யாருடையதோ போல இருந்தது. முழித்துக்கொள், முழித்தால் கொலை முயற்சியோடு நிற்கும், என்று ஒரு பக்கம் மனசு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடியவில்லை, அது பாட்டுக்கு மிஷின் மாதிரி ஓடிற்று. அதற்கு மேலேயே வாய் தனியாகக் கூப்பிட்டது. "மணி, யய்யா, கண்ணைத் தொறய்யா. தம்பி, இங்க பாரு." இமை துடித்தது. மூடியது. மறுபடி துடித்துத் திறந்தது. ஒற்றைக் கண். விட்டத்தைப் பார்த்தது, சிஸ்டரைப் பார்த்தது, இவள் முகத்துக்கு வந்து நின்றது. நின்று, தேடியது. வேறு யாரையோ தேடுகிறது என்று எந்தத் தாய்க்கும் தெரியும். "அம்மா வந்துருவா" என்றாள் தமயந்தி, "கீழதான் போயிருக்கா, இந்தா வந்துருவா." வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. இடது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருள் மாதிரி, அசையாமல் கிடந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கவனித்த சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கால் தேறிடும். கைதான், டாக்டர் உங்ககிட்ட சொன்னாருல்ல, பழையபடி வர்றது கஷ்டம்னு" என்றாள். சொன்னார் என்று தலையாட்டினாள். அந்தக் கையைத் தொட்டாள். சூடாகத்தான் இருந்தது. விரலுக்குள் விரலைக் கொடுத்து அழுத்தினாள், திரும்பி ஒன்றும் வரவில்லை. பையனின் கண்ணோரம் தண்ணீர் கோடாக இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கலாமா என்று நினைத்து, துடைக்காமல் வெளியே வந்தாள்.

வேலுத்தாய் படியேறி ஓடிவந்துகொண்டிருந்தாள், பின்னால் லுங்கி கட்டின ஒரு ஆள். கிழவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "என்னக்கா, என்ன, கூப்பிட்டாகளா, எம்பிள்ளைக்கு என்ன?" "முழிச்சிட்டான்" என்றாள் தமயந்தி. "கண்ணைத் தொறந்துட்டான். உங்களைத்தான் தேடுறான்." வேலுத்தாய் அப்படியே இவளைக் கட்டிக்கொண்டாள். இவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். வியர்வையும் தீப்பெட்டி மருந்தும் கலந்த வாடை. "நீங்க வந்து உக்காந்த நேரம்க்கா, நீங்க வந்து உக்காந்த நேரம். நல்லா இருப்பீக. ஒங்க பிள்ளையும் எந்திரிச்சு வந்துருவான் பாருங்க, ஒரு கொறையும் வராது அவனுக்கு." அந்த வார்த்தை தோளில் சுட்டது. எடுத்து வீசவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. தமயந்தி அவள் கைகளைப் பிரித்து இறக்கினாள். "நான் சபரியோட அம்மா" என்றாள்.

"எந்தச் சபரி?" என்று கேட்டுவிட்டு, கேட்கும்போதே வேலுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "உள்ள போனீகளா?" "போனேன்." "அவனத் தொட்டீகளா?" "தொட்டேன்." பின்னால் நின்ற ஆள் முன்னால் வந்தான். "என்ன மதினி, யாரு இவுக?" வேலுத்தாய் அவனைத் திரும்பிப் பார்க்காமலே, "ஒண்ணுமில்ல, நீ ரத்தம் குடுக்குற எடத்துக்குப் போ" என்றாள். அவன் போகிறவரை காத்திருந்தாள். "எதுக்கு வந்தீக?" "பிழைச்சிக்கிட்டானான்னு பாக்க." "யாருக்காக?" இந்தக் கேள்விக்குப் பஸ்ஸிலும் படியிலும் எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றும் எழுந்து வரவில்லை. "எம்பிள்ளைக்காகத்தான்" என்றாள் தமயந்தி. வேலுத்தாய் மெதுவாகத் தலையை ஆட்டினாள். கோபமா, ஒப்புக்கொண்டாளா, தெரியவில்லை. குனிந்து கூடையை எடுத்தாள், விரித்திருந்த சேலையை உதறி மடித்து அதற்குள் திணித்தாள். "அந்தக் கை இனிமே வராதாம்" என்றாள். "அதை ஒங்க மகன்கிட்டச் சொல்லணும். வக்கீலு சொல்லக்கூடாது, போலீசு சொல்லக்கூடாது. நீங்க சொல்லணும்." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு இரண்டுதரம் ஆடி நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் பூக்கடையும் பழக்கடையும் ஆட்டோக்களுமாக ஊர் அதுபாட்டுக்கு இருந்தது. செல்போன் அடித்தது, பாலுச்சாமி. "எங்க இருக்க? வக்கீல் வந்துட்டாரு, உனக்காகத்தான் உக்காந்திருக்கோம்." "அந்தப் பையன் கண்ணு முழிச்சிட்டான்" என்றாள். அந்தப் பக்கம் "முருகா" என்று ஒரு கேவல், "சார், பிழைச்சிட்டானாம் சார்" என்று அவர் கத்துவது, நாற்காலி நகர்வது, வக்கீல் ஏதோ சொல்லிச் சிரிப்பது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவள் காத்திருந்தாள். "ஒரு கை போயிருச்சுங்க" என்றாள். "இனிமே வராதாம்." "யாரு சொன்னா? நீ அங்கயா போன? அறிவிருக்கா உனக்கு? யாரும் பாத்தாங்களா?" "அவங்க அம்மாகிட்டப் பேசினேன். நம்ம பிள்ளை அவங்க வீட்டுல சோறு தின்னுருக்கான். அவன் நம்ம வீட்டுக்கு வந்ததில்ல. அரிவாளும் கொண்டு வரல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்." பாலுச்சாமி உடனே கத்தவில்லை. ஆபீஸை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், லாரிச் சத்தம் கேட்டது. "தமா" என்றார். கல்யாணமான புதிதில் கூப்பிட்டது. "அது இல்லேன்னா மாசக்கணக்குல இழுக்கும்னு சொல்றாரு. பரீட்சை போயிரும். அவன் அதுக்குள்ள அங்கயே கெடக்கட்டுமா?" இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். கழுத்தெலும்பு தெரிய வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளை, ராத்திரி எப்படித் தூங்குகிறானோ, யார் பக்கத்தில் படுத்திருக்கிறானோ. "கெடக்கட்டும்" என்றாள். அது காதில் விழுந்ததும் திடுக்கிட்டு, சொன்னது யார் என்று பார்க்கிற மாதிரி, பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டைப் பஸ் காலியாக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அதற்காக முந்தானையைக்கூடக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். பெற்ற வாயால் கெடக்கட்டும் என்று சொன்னவள் அழாமல் எப்படி இருப்பாள். ஆனால் வந்தது பசி. வயிற்றைக் கிள்ளிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிற பசி. சபரியைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து உள்ளே இறங்கியதெல்லாம் மருந்து மாதிரித்தான் இறங்கியது, இப்போது நாக்கில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருந்தது. எவனாவது பார்த்துவிடுவானோ என்று நிமிர்ந்து பார்த்தாள். வேகவைத்த கடலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஜன்னலுக்கு ஜன்னல் கூவிக்கொண்டு வந்தாள். ஒரு பொட்டலம் வாங்கி, சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல், தோலைப் பிதுக்கிப் பிதுக்கித் தின்றாள். உப்பு உதட்டில் எரிந்தது. வக்கீல் வேறு வழி சொல்லுவார், அல்லது கேஸ் கட்டைத் தூக்கி மேஜையில் போட்டு வேறு ஆளைப் பார் என்பார். பாலுச்சாமி பேசமாட்டார், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனை சத்தத்துக்கு நடுவே, ஒரு கை போய்விட்டது என்பதை எப்படிக் கத்துவது? கத்தாமல் எப்படிச் சொல்வது? பொட்டலம் தீர்ந்து, அடியில் கிடந்த உப்பையும் விரலால் தொட்டு நக்கியபோது போன் மறுபடி அடித்தது. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"பஸ்ஸுல ஏறிட்டேங்க" என்றாள். "வீட்டுக்குப் போகல. நேரா வக்கீலாபீசுக்கே வர்றேன். அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."